ஏற்காட்டு வீட்டின் பலகைத் தளத்துக்கு அடியில் எதை அடைப்பது?

கேள்வி இதுதான்: ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் தாத்தா காலத்து எஸ்டேட் வீடு. கருங்கல் அடிச்சுவர், அதன்மேல் மரச் சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகைத் தளம். பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டரை அடி இடைவெளி. ஆள் ஊர்ந்துதான் போக முடியும். மார்கழியிலும் தையிலும் தரையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை. ஆடி பிறந்தால் பீரோவைத் திறக்கும்போதே ஈரவாடை. அமெரிக்காவில், மினியாபோலிஸில் இருக்கும் தம்பி, பலகைக்கு அடியில் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) அடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார். உள்ளூர்க் கொத்தனாரோ இடைவெளி முழுவதும் மண்ணைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். தம்பி சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. கொத்தனார் சொல்வது புதிதாக அஸ்திவாரம் தோண்டிக் கட்டும் வீட்டுக்குச் சரி. உங்கள் வீட்டில் முதலில் மூட வேண்டியது மண்ணை. அடுத்தது பலகை இடுக்குகளை. குளிருக்கான அடைப்பு மூன்றாவதாகத்தான் வரும். அதுவும் எல்லா அறைக்கும் தேவைப்படாது. வரிசையை மாற்றிச் செய்தால் இருக்கிற பலகையும் போய்விடும்.

தம்பியின் யோசனையை ஒரு சிறு கணக்கால் எடைபோட்டுப் பாருங்கள். 12-க்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி, சுமார் 15.6 சதுர மீட்டர். ஓர் அங்குலத் தேக்குப் பலகை வழியாக, மேலும் கீழும் உள்ள காற்றிடையே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 வாட் வெப்பம் கீழே இறங்கும். ஜனவரி விடியற்காலையில் ஏற்காட்டில் வெளியே 12 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு அடியில் இருக்கும் காற்று வெளிக்காற்றின் அளவுக்கே குளிர்ந்துவிட்டது என்று வைத்தாலும், அந்த அறையின் தரை வழியே போவது 190 வாட்டைத் தாண்டாது. மண்ணில் தேங்கிய சூடு இருப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் போகும். அதே அறையைத் தூக்கி மினியாபோலிஸில் வையுங்கள்: வெளியே மைனஸ் 15, உள்ளே 20. வித்தியாசம் 35 டிகிரி. வெப்ப இழப்பு 1,100 வாட்டுக்குப் பக்கம். அங்கே ஒரே ஓர் அறையின் தரைக்காக மட்டும் ஒரு ஹீட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். குளிர்காலம் முழுவதும் அதற்குப் பில் கட்டுகிறவர் கிளாஸ் வூல் என்று சொல்வதில் வியப்பில்லை. நாம் 50 மில்லிமீட்டர் கனத்தில் நல்ல அடைப்பு வைத்தால் மிச்சமாவது சுமார் 145 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றரைக்குச் சமம். அறையில் ஹீட்டரே இல்லாத வீட்டில் அது காசாகக்கூட மிச்சமாகாது.

அப்படியானால் கால் ஏன் சில்லிடுகிறது? பெரும்பாலும் இடுக்கு வழியாக ஏறும் காற்றால். வீட்டுக்குள் இருக்கும் இளஞ்சூடான காற்று மேலே எழுந்து ஓட்டுக்கூரையின் சந்துகள் வழியே வெளியேறும். அதற்கு ஈடாகக் கீழிருந்து காற்று வந்தாக வேண்டும். பலகைக்குப் பலகை விட்டுப்போன இடைவெளி அதற்கு வழி. குளிரான இரவில் ஜன்னல், கதவுகளைச் சாத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்துத் தரையை ஒட்டி நகர்த்திக்கொண்டே போங்கள். புகை நேராக எழும் இடமும் இருக்கும். யாரோ ஊதியதுபோல வளைந்து ஓடும் இடமும் இருக்கும். சுவரோரச் சட்டப்பலகையின் கீழும், பழைய ஒயர் இறங்கும் துளையிலும், குளியலறைக் குழாய் போகும் இடத்திலும் புகை எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். அந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். பீரோவில் வரும் வாடையும் இதே வழியாகத்தான் ஏறுகிறது. மாடியும் பரணும் கீழே உள்ள காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன.

இனி ஈரம். இந்த மலையில் வீட்டைத் தின்பது குளிர் அன்று. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் தோட்டம் போட்டவர்கள் மண்ணிலிருந்து தரையைத் தூக்கிக் கட்டினார்கள். அடிச்சுவரில் காற்றுத் துளைகள் விட்டார்கள். காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நனைந்த மண், மேலே மழை பெய்யாவிட்டாலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். ஆயிரம் சதுர அடி ஈரமண் ஒரு நாளில் இரண்டு குடம் தண்ணீர் வரை காற்றில் ஏற்றிவிடக்கூடும். அது போக இடம்? பலகை, சட்டம், பீரோ, மெத்தை.

சோதித்துப் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை. கெட்டியான பாலித்தீன் தாளில் இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, பலகைக்கு அடியில் மண்மேல் விரித்து, நான்கு ஓரத்திலும் கல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் காலையில் டார்ச்சுடன் போய், மண்ணைப் பார்த்த பக்கத்தைத் திருப்புங்கள். வறண்ட மண் என்றால் தாள் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும் என்பது என் கணிப்பு. தாளைச் சாய்த்தால் ஓடை பிடித்து வழியும். தாளுக்கு அடியில் இருந்த மண் கருத்து, சுற்றிலும் உள்ள மண் வெளுத்து இருப்பதையும் கவனியுங்கள். மேலே காய்ந்ததுபோலத் தோன்றும் மண் எவ்வளவு நீரைப் பலகைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது அந்த நிற வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

ஈரம் வரும் இரண்டாவது வழி காற்று. ஆடி, ஆவணியில் மேகம் தோட்டத்துக்குள் இறங்கும் நாட்களில் 22 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். அந்தக் காற்று 20 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கிவிடும். வெயிலே படாமல் கிடக்கும் அடிச்சுவர்க் கல்லும் மண்ணும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கின்றன. ஆக, காயட்டும் என்று விட்ட காற்றுத் துளை, அந்த மாதங்களில் தண்ணீர் கொண்டுவரும் துளையாகிவிடுகிறது.

இப்போது கிளாஸ் வூலை இந்தக் காட்சிக்குள் வையுங்கள். இதுவரை மேலே அறையில் இருந்து இறங்கிய கொஞ்ச நஞ்சச் சூடுதான் சட்டங்களையும், பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள கீழ்வெளியையும் சற்றே உலர்வாக வைத்திருந்தது. அடைப்பு வைத்ததும் அந்தச் சூடு நின்றுபோகும். கீழ்வெளி முன்னைவிடக் குளிரும். குளிர்ந்த இடத்தில் அதே ஈரம் இன்னும் எளிதாகத் துளியாகும். அடைப்பு நன்றாக வேலை செய்யச் செய்ய, அதன் கீழே இருக்கும் மரம் அவ்வளவுக்கு நனையும். மண்ணை மூடாமல் அடைப்பு வைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். மினியாபோலிஸிலும் இந்த விதி மாறாது. அங்கே மண்ணை மூடிவிட்டுத்தான் அடைக்கிறார்கள். தம்பி அடுத்த பாதியை மட்டும் பார்த்திருக்கிறார்.

பழுது பார்க்கும் வேலைக்காகப் போன ஓர் எஸ்டேட் வீட்டில், யாரோ நல்ல மனதோடு வைத்த கிளாஸ் வூலைக் கழற்றியது நினைவில் இருக்கிறது. சட்டத்துக்குச் சட்டம் கோழிவலை கட்டி அதன்மேல் பஞ்சை விரித்திருந்தார்கள். வலை நடுவில் தொட்டில்போலத் தொங்கியது. பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம். குளிர்காற்று அங்கேயே சுகமாகப் போய்வந்துகொண்டிருந்தது. ஆகவே அடைப்பால் பயன் ஏதும் இல்லை. கையில் எடுத்தபோது பஞ்சு கனத்தது; பிழிந்தால் நீர் வந்தது. மஞ்சள் பஞ்சின்மேல் நீள நீளமாகக் கரிக்கோடுகள். தீப்பிடித்த தடம் என்று வீட்டுக்காரர் பதறினார். அது வெறும் தூசி: பலகை இடுக்கு வழியே ஏறிய காற்றைப் பஞ்சு வடிகட்டி, அழுக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. மேலே பலகையைப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக ஓர் இடுக்கு. ஒரு மூலையில் எலி குட்டி போட்டிருந்தது. பஞ்சு காற்றை நிறுத்தாது, நனைந்தால் சூட்டையும் நிறுத்தாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கொத்தனாரின் யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் அனுபவம் இல்லாமல் பேசுபவர் அல்லர். ஆனால் அந்தப் பழைய அடிச்சுவர், மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது. உள்ளேயிருந்து பக்கவாட்டில் தள்ளும் மண்ணைத் தாங்கக் கட்டியதன்று. சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிய கருங்கல் சுவரின் சரிவுப் பக்கம் இரண்டரை அடி ஈரமண்ணைக் கொட்டித் திமுசு போட்டால், முதல் ஐப்பசி மழையிலேயே சுவர் வயிறு தள்ளலாம். கொட்டிய மண் அமர அமரக் கான்கிரீட் தளம் வெடிக்கும். சுவருக்குள் செருகிய கதவு நிலைக்கால்கள் மண்ணில் புதைந்து கரையானுக்கு விருந்தாகும். இதோடு, ஒரு முறை மூடிய பிறகு குழாய், ஒயர் எதையும் பார்க்க வழியில்லை. பலகை முழுவதும் உளுத்துப்போயிருந்தால் மட்டும், சுவரின் வலுவை ஒரு பொறியாளர் நேரில் பார்த்த பிறகு இதைப் பேசலாம்.

கொத்தனாருக்கு உண்மையான வேலை வெளியே இருக்கிறது. மலைச்சரிவில் நிற்கும் வீட்டுக்கு மேட்டுப்பக்கத்திலிருந்து வரும் நீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வேண்டும். சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, இரு பக்கமும் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போகும்படி, சிமென்ட் பூசிய வாய்க்கால். மேலே ஓட்டுக்கூரையில் தகரத் தாழ்வாரக் குழாய் இல்லையென்றால் மழைநீர் முழுவதும் அடிச்சுவரின் காலடியில் விழுகிறது. அதைக் கட்டி நீரை வாய்க்காலில் சேருங்கள். குளியலறைக் கழிவுநீர்க் குழாயின் மூட்டு ஒழுகுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஓதம் ஓதம் என்று ஆண்டுக்கணக்கில் புலம்பியது ஒரு பி.வி.சி. எல்போவின் கசிவாக இருந்திருக்கிறது. இந்த மூன்றும் முடியாமல் உள்ளே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

உள்ளே ஆள் இறங்குவதைப் பற்றி. தனியாக இறங்க வேண்டாம். வெளியே ஒருவர் நிற்க வேண்டும். பாம்புக்கு அது குளுமையான வீடு. முதலில் நீளக் கழியால் வாசலைத் தட்டி, டார்ச் அடித்து மூலைகளைப் பார்த்துவிட்டு, கையுறையும் முழங்கால்வரை வரும் பூட்ஸும் போட்டுக்கொண்டு இறங்கட்டும். எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் விளையாட்டன்று; கையில் வெட்டுக்காயம் இருப்பவர் போகக் கூடாது. முகமூடி கட்டாயம். பழைய ஒயரிங் கீழே ஓடினால் மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரி விளக்கில் வேலை செய்யுங்கள்.

இறங்கியதும் முதல் வேலை, கிடக்கும் மரக்கழிவை எல்லாம் வெளியே எடுப்பது. உடைந்த காப்பிப் பெட்டி, பழைய சென்ட்ரிங் பலகை, வெட்டிப் போட்ட கட்டை எல்லாமே கரையானை வரவேற்கும். பிறகு சட்டங்களின் நுனியைச் சோதியுங்கள். கல்சுவரில் செருகியிருக்கும் அந்த அரை அடிதான் முதலில் உளுக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்தினால், நல்ல மரம் தடுத்து நிற்கும். கெட்ட மரம் நாராகக் கிழியாமல் சதுரம் சதுரமாக உதிரும். தேக்கின் வைரம் தாங்கும். பின்னாளில் பழுது பார்த்தவர்கள் தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்று சில்வர் ஓக்கைச் செருகியிருந்தால் அந்தச் சட்டத்தை நம்பாதீர்கள். நிழலுக்கு அருமையான மரம், தரைக்கடியில் நிற்க உதவாது. மரத்தின் ஈரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணத்தால் மரம் உளுக்காது. 28, 30 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றால் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கரையானுக்கு மருந்து இப்போதே, தாள் விரிக்கும் முன். கட்டிமுடித்த வீடுகளுக்கான கரையான் தடுப்பு முறை ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அதைத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கிணறோ ஊற்றோ பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தடித்த பிறகு வீட்டைத் திறந்துபோட்டு நன்றாகக் காற்றாட விடுங்கள்.

இப்போது தாள். மிளகாய்க்கும் தக்காளிக்கும் விரிக்கும் மல்ச்சிங் தாள் 25, 30 மைக்ரான்தான். ஆள் ஒரு முறை ஊர்ந்தால் கிழிந்துவிடும். குறைந்தது 250 மைக்ரான் வேண்டும். என் விருப்பம் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் தாள். சேலத்தில் சொட்டுநீர்ப் பாசனப் பொருள் விற்பவர்களிடம் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்; கருங்கல் ஜல்லி குத்தினாலும் தாங்கும். கூரான கற்களைப் பொறுக்கிவிட்டு, மண்ணை ஒரு பக்கம் லேசாகச் சரித்து மட்டம் செய்யுங்கள்; நாளைக்கு ஒரு குழாய் ஒழுகினால் நீர் தேங்காமல் ஓரிடத்துக்கு வந்து கண்ணில் படட்டும். தாளுக்குமேல் தாள் ஓரடி ஏறி நிற்க வேண்டும். அந்த ஓரத்தை அதற்கான அகல டேப்பால் ஒட்ட வேண்டும். தாங்கு தூண்களைச் சுற்றித் தாளைக் கிழித்து, தூணில் அரை அடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். சுவரிலும் அரை அடி ஏற்றலாம். அதற்குமேல், சட்டத்துக்குக் கீழே, குறைந்தது நான்கு அங்குலக் கல் வெறுமையாகத் தெரிய வேண்டும். கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறினால் அங்கேதான் கண்ணில் படும். அதை மறைத்துவிட்டால் பலகை பொத்தென்று உள்ளே போகும் நாளில்தான் தெரியவரும். தாள்மேல் பாரத்துக்குச் செங்கல் வையுங்கள், மண்ணைப் போடாதீர்கள்.

இந்தத் தாள் ஒன்றே பல வீடுகளில் போதும். ஆடி வாடை பெரும்பகுதி இதோடு அடங்கிவிடும்.

காற்றுத் துளைகளை மூடுவதா திறப்பதா என்பதில் அமெரிக்காவிலேயே பல காலம் வாதம் நடந்தது. அங்கே கட்டட விதி, 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடித் துளை கேட்டது; மண்ணைத் தாளால் மூடினால் 1,500-க்கு 1 போதும் என்று விட்டுக்கொடுத்தது. பிறகு, நம்மைப்போல் கோடையில் புழுங்கும் வட கரோலினாவில் 2000-களின் தொடக்கத்தில் வீடுகளை அளந்து பார்த்தபோது, துளையை மூடி உள்ளே உலர்த்த வழி செய்த கீழ்வெளிகள்தான் காய்ந்து இருந்தன. அதைப் படித்துவிட்டுச் சிலர் இங்கேயும் எல்லாத் துளையையும் சிமென்ட் வைத்து அடைக்கிறார்கள். ‘உள்ளே உலர்த்த வழி செய்த’ என்ற பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஈரமுறிஞ்சி இயந்திரமோ, அறைக்காற்றைக் கீழே தள்ளும் விசிறியோ நாள் முழுவதும் ஓட வேண்டும். காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை விழுந்து மின்சாரம் போகும் ஊரில், ஆளில்லாமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, அது ஒத்துவராது. துளைகளை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் 6 மில்லிமீட்டர் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பி வலை அடியுங்கள். கொசுவலை வேண்டாம்; ஒரே ஆண்டில் சிலந்தியும் தூசியும் அதை அடைத்துவிடும். துளைக்கு மரத்தால் நகர்த்தும் மூடி செய்து, மேகம் இறங்கும் வாரங்களிலும் தை மாத இரவுகளிலும் சாத்தி, மாசியில் திறந்துவிடுங்கள்.

சமையலறைப் பக்கத் துளைகளை மட்டும் எந்த நாளிலும் சாத்தக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. சிமென்ட் தரையில் கசிந்தால் அறையில் நாறும், கதவைத் திறந்து விரட்டிவிடலாம். பலகைத் தளத்தில் கசிந்தால் இடுக்கு வழியே கீழே இறங்கிக் குளம்போல் கிடக்கும். மேலே வாடைகூடத் தெரியாமல் போகலாம். சிலிண்டரையே வெளிச்சுவருக்கு அப்பால் காற்றோட்டமான கூண்டில் வைத்து, குழாய் மட்டும் உள்ளே வரும்படி ஏஜென்சி ஆளை வைத்துச் செய்துகொள்வது நல்லது. அதைச் செய்யும் வரை கீழே யாரும் இறங்கும் முன் மோந்து பாருங்கள். ஊதுபத்திச் சோதனையையும் சமையலறையில் செய்ய வேண்டாம்.

அடுத்தது இடுக்கு. சாக்பீஸால் குறித்த இடங்களை ஆசாரி கையில் ஒப்படையுங்கள். அகலமான சந்துக்கு அதே மரத்தில் மெல்லிய சீவல் சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை வைத்து இறக்க வேண்டும். இரு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் பலகை உப்பும்போது வேறிடத்தில் பிளக்கும். சிறு சந்துக்கு வளைந்துகொடுக்கும் சீலன்ட். குழாய், ஒயர் துளைகளைக் கீழிருந்து அடைப்பது எளிது. முழுத் தரைக்கும் ரெக்ஸின் விரிப்பு ஒட்டச் சொல்வார்கள், வேண்டாம். பலகையின் ஒரு பக்கம் மூச்சு முட்டினால் ஈரம் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும். வாளியில் தண்ணீர் கொட்டித் துடைக்கும் பழக்கத்தையும் இந்த வீட்டில் விட்டுவிட வேண்டும். பிழிந்த துணி போதும். அவசர நிவாரணத்துக்கு, படுக்கையறையில் ஒரு கனத்த பவானி ஜமக்காளம் விரியுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை: கால் உணரும் குளிர் தொட்ட பொருளின் மேற்பரப்பைப் பொறுத்தது, நூல் விரிப்பு காலின் சூட்டை அவ்வளவு வேகமாக உருவாது.

இவ்வளவும் செய்து ஒரு மழைக்காலம் கழியட்டும். சட்டங்களின் ஈரம் ஐப்பசி, கார்த்திகையிலும் 20-ஐத் தாண்டவில்லை என்றால், அப்போது அடைப்பைப் பேசலாம். தாண்டினால், வெளியே எங்கோ நீர் இன்னும் உள்ளே வருகிறது, அதைத் தேடுங்கள்.

அடைப்புக்கு என் தேர்வு எக்ஸ்.பி.எஸ். என்னும் கெட்டி நுரைப் பலகை, 50 மில்லிமீட்டர். மொட்டைமாடி வெப்பத் தடுப்புக்குப் போடுகிறார்களே, அதுதான். நீர் குடிக்காது. வெள்ளைத் தெர்மாகோல் விலை மலிவு; ஆனால் மணி மணியாக உதிரும், எலிக்கும் கரையானுக்கும் குடைய எளிது. ராக் வூல் என்னும் கல் இழைப் பஞ்சு தீக்கு அஞ்சாது, அடுப்படிக்குக் கீழே அதுவே மேல். நுரைப் பலகை எதுவானாலும் எரியக்கூடியது, திறந்த ஒயர் ஓடும் இடத்தில் வைக்கக் கூடாது. துண்டை இரு சட்டங்களுக்கு இடையே இறுக்கமாகச் செருகி, மேலே தரைப் பலகையைத் தொட்டு நிற்கும்படி தள்ளுங்கள். தொடாமல் தொங்கினால் அந்தத் தொட்டில் கதைதான். விழாமல் இருக்கக் கீழே சிறு மரப் பட்டிகளைச் சட்டத்தில் திருகாணியால் பூட்டுங்கள். ஓரச் சந்தைக் குறைவாக உப்பும் பி.யூ. ஃபோமால் (பீய்ச்சினால் உப்பி இறுகும் நுரை) அடையுங்கள். சட்டத்தின் அடிப்பக்கமும், சுவரில் செருகும் நுனியும் வெறுமையாகத் தெரிய வேண்டும். அவற்றையும் மூடிப் பாலித்தீன் கட்டுவது பெரிய தவறு: மேலே சிந்திய நீர் இறங்கினால் போக இடமில்லாமல் மரத்தை ஊறவைக்கும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக இரண்டு வரி. மலையில் தூண் நிறுத்திக் கான்கிரீட் தளம் போட்ட புது வீடு என்றால் உளுப்பதற்கு மரம் இல்லை. தளத்தின் அடியில் அதே நுரைப் பலகையை ஒட்டி, கழன்று விழாமல் ஆணி அடித்து, மேலே தீ தாங்கும் பூச்சு கொடுத்தால் முடிந்தது. சேலம் நகரத்தில், சமவெளியில் இருப்பவர்கள் தரைக்கு அடியில் எதையும் அடைக்க வேண்டாம். சித்திரையில் வெளியே 38, 39 டிகிரி கொதிக்கும்போது மண்ணைத் தொட்டு நிற்கும் தரைதான் வீட்டில் குளிர்ந்த இடம். அதை ஏன் துண்டிக்க வேண்டும்? அங்கே பணம் மொட்டைமாடிக்குப் போகட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, வாய்க்காலையும் தாளையும் மாசி, பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை வந்துவிட்டால் கீழே மண் மறுபடி ஊறிவிடும். நுரைப் பலகையை அடுத்த தைக்கு முன் படுக்கையறைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு குளிர்காலம் தூங்கிப் பார்த்துவிட்டு மற்ற அறைகளை முடிவு செய்யலாம். துண்டு வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சட்ட இடைவெளியையும் இரு முனையிலும் நடுவிலும் தனித்தனியாக அளந்து, சுண்ணாம்பால் எண் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கையால் இழைத்த அந்தக் காலத்துச் சட்டங்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒரே அளவில் வெட்டி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் பாதித் துண்டுகள் திரும்பி மேலே வரும்.